தொல்பொருளாம் இடியாப்ப அச்சு

மார்ச் 4, செவ்வாய்

நோன்பு வாயோடு யாரையும் திட்டக் கூடாது. அதனால் இங்கே திட்டிக்கொள்கிறேன்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியா கண்காட்சிக்கு நான் தமிழில் எழுதிக் கொடுத்த லேபிள்களைத் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள். ‘ஆர்ட்டிஃபாக்ட்’ என்பதற்கு நான் ‘செய்பொருள்’ என்று போட்டிருந்தேன். அதை அடித்துவிட்டு ‘தொல்பொருள்’! எதை? செல்வராஜ் கொடுத்த இடியாப்ப அச்சை. ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை அவருக்கு. போன தீபாவளிக்குத்தான் எவர்சில்வர் குழாய்த் துண்டில் செய்தார். என்ன, மண்ணைத் தோண்டியா எடுத்தார்கள்?

கீழே இன்னொரு வரி: ‘செய்தவர்: தெரியவில்லை.’ “இது நானே செஞ்சது அக்கா” என்று என் கண்முன்னால்தானே மேசைமேல் வைத்தார்!

மார்ச் 5, புதன்

அகராதி பார்த்தேன். ‘ஆர்ட்டிஃபாக்ட்’ லத்தீனிலிருந்து வந்ததாம். முன்பாதி திறமை, பின்பாதி செய்தது. பழசு என்ற பேச்சே இல்லை. செய்த ஆள் இல்லாமல் செய்த பொருள் எப்படி வரும்?

மார்ச் 7, வெள்ளி

கண்காட்சிப் பொறுப்பாளர் நிவேதிதாவோடு சண்டை. “எல்லா லேபிளும் ஒரே ஃபார்மட் லா, ஃபஸீலா. சின்ன விஷயம்.”

சின்ன விஷயமாம். ஆதரவு தந்தவர்கள் பெயர் மட்டும் வாசலிலேயே கொட்டை எழுத்தில். செய்தவர் பெயர் வராவிட்டால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன். இறங்கி வந்தார். செய்பொருள். செய்தவர்: செல்வராஜ். ஜெயித்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

செல்வராஜுக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன்.

“அக்கா, பேர் மட்டும் வேணாம்க்கா. அந்தக் குழாய் கம்பெனியோடது. குப்பையில கிடந்ததுதான். ஆனா நான் எடுத்தேன்னு தெரிஞ்சா வேலை பர்மிட்டை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவாங்க.”

அவரை ஒரு வார்த்தை கேட்காமல் சண்டை போட்டிருக்கிறேனே, எனக்கு அறிவிருக்கிறதா? குப்பையிலிருந்து எடுத்தால் திருட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் கண்காட்சியா?

மார்ச் 10, திங்கள்

பெயரை எடுக்கச் சொன்னேன். நிவேதிதா சிரிக்கவில்லை. ‘செய்தவர்: பெயர் வெளியிட விரும்பாதவர்’ என்று போட ஒப்புக்கொண்டார்.

மார்ச் 23, ஞாயிறு

கண்காட்சிக்குச் செல்வராஜ் வந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். தன் அச்சு இருந்த கண்ணாடிப் பெட்டிமுன் ரொம்ப நேரம் நின்றார். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு அவரையே கேட்டாள், “நல்லா இருக்கே, யார் செஞ்சிருப்பாங்க?”

“யாரோ நம்ம ஊர் ஆளா இருக்கும்ங்க,” என்றார் செல்வராஜ்.