புல்தரையைக் கிழித்துக்கொண்டு வந்த தொட்டி

செங்கல்பட்டு,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் சிநேகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்றுகூட அரை மணி நேரம் பேசினோமே, இப்போது எதற்குக் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாள் என்று நினைப்பாய், மன்னித்துக்கொள். போனில் உன் குரல் கேட்டதும் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவர் காதில் விழாமல் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆண்டவர் தயவில் இங்கே எங்கள் மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அயர்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். தம்பி ஜோயல் பாலிடெக்னிக்குக்கு ஒழுங்காகப் போகிறான், மீசையை மட்டும் தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறான். உன் சிநேகிதி வினிதாவுக்கு அணுபுரத்தில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, ஒரு வார்த்தை விசாரித்துவிடு. ஈரத் தலையோடு வெளியே போகாதே, காலுறை இல்லாமல் அந்தத் தரையில் நிற்காதே.

விஷயம் நானும் அப்பாவும் வேலை பார்க்கும் ரிசார்ட்டைப் பற்றியது. சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் என்று உனக்குத் தெரியும், லாரித் தண்ணீரை நம்பியே இத்தனை விருந்தாளிகளையும் சமாளிக்கிறோம். இப்போது கல்யாணங்களுக்கென்று புதிதாக ஒரு பெரிய மண்டபம் கட்டி முடித்துவிட்டார்கள், அதன் கூரையில் விழும் மழையை ஒரு சொட்டு விடாமல் பிடித்து வைக்கத் தொட்டிகள் வாங்க வேண்டும். ஸ்டோர் பார்ப்பவள் நான் என்பதால் எந்தத் தொட்டி, எங்கே வைப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போடும் வேலை என் தலையில் விழுந்தது. முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரும்புத் தொட்டி வேண்டாம், உப்புக்காற்று தின்றுவிடும் என்று தள்ளினேன். ஒரே பெரிய தொட்டியாக வாங்கினால் அது விரிசல் விட்ட அன்றைக்கு மொத்தமும் போய்விடும் என்பதால், நடுத்தரமான பிளாஸ்டிக் தொட்டிகளைக் குழாயால் இணைத்துச் சமையற்கட்டுக்குப் பின்சுவரை ஒட்டித் தரைக்கு மேலேயே வைக்கலாம், மூங்கில் தட்டி கட்டி மறைத்துவிடலாம் என்று எழுதினேன். மேனேஜர் கோதண்டராமன் சார் படித்துவிட்டுச் சிரித்தார். "ஜெசிந்தாம்மா, கெஸ்ட்டுங்க கடலைப் பாக்க வராங்க, உங்க கறுப்பு டேங்க்கைப் பாக்க இல்ல" என்றார். எல்லாவற்றையும் புல்தரைக்கு அடியில் புதைத்துவிட வேண்டுமாம்.

புதைப்பது தப்பில்லை சிநேகா. ஆனால் அங்கே மண் வெறும் மணல், மழைக்காலத்தில் ஒரு முழ ஆழத்திலேயே தண்ணீர் ஊறி நிற்கும். தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும், காலி செய்தால் அடியிலிருக்கும் தண்ணீர் அதைத் தூக்கிவிடும். அதனால் கீழே கான்கிரீட் தளம் போட்டு, பட்டை கொண்டு இழுத்துக் கட்டித்தான் இறக்க வேண்டும் என்று தொட்டி விற்க வந்தவரே சொன்னார். தளம் போட்டு அது இறுகக் காத்திருக்க நேரமில்லை, ஆயுத பூஜை கழிந்த கையோடு மண்டபத்தில் முதல் கல்யாணம் என்கிறார் சார்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு நடந்ததை அப்பா உனக்குக் கதையாகச் சொல்லியிருப்பார். நம் பக்கத்தில் பூஜைக்கு முன்னால் மிஷின், மோட்டார், தொட்டி என்று எதையும் விடாமல் கழுவிப் பொட்டு வைப்பார்களே, மழை தொடங்குவதும் சரியாக அந்த வாரத்தில்தான். பழைய கட்டடத்துப் புதைத்த தொட்டியைச் சொட்டில்லாமல் இறைத்துவிட்டு, அப்பா உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவினார். இரண்டு நாளாக விடாத மழை. பொரி கொடுக்கிறார்கள் என்று யாரோ கூப்பிட்டதால் ஏறி வந்தார். அவர் பொரியைத் தின்று முடிப்பதற்குள் தொட்டி புல்தரையைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து சாய்ந்தது, ஆள் ஏறி இறங்கும் வாய் உடைந்து அந்த வழியாக மணலும் சேறும் உள்ளே கொட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். பம்ப் பார்க்கும் இருசப்பன், "அண்ணாத்த, அடுத்த வாட்டி உள்ள எறங்க சொல்லோ துடுப்பையும் எடுத்துகினு போ" என்றார். அப்பாவும் விடவில்லை, "நான் ஏறி வந்த அப்பாலதானே அது ஏறிச்சி, மருவாத தெரிஞ்ச டேங்க்குபா அது" என்றார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து அவர் சட்டையைத் துவைக்கும்போது ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே இருந்து கிழித்துவிட்டேன். ஓனரிடம் மண் உள்வாங்கிவிட்டது என்று சொல்லி மேலே புல்லைப் பதித்து மூடிவிட்டார்கள். கோதண்டராமன் சார் அப்போது இங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கவில்லை.

இந்த முறை தொட்டிகள் இன்னும் பெரியவை. புதைத்த கையோடு உள்ளே விழுந்த மண்ணைக் கழுவி, பூஜை போட்டுத் திறப்பார்கள், கழுவ இறங்கப் போவது உன் அப்பாதான். அந்த வேலைக்கு வேறு ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமை தோண்டி வைத்திருந்த குழியைப் போய்ப் பார்த்தேன். இன்னும் நல்ல மழை ஒன்றுகூடப் பெய்யவில்லை, அதற்குள் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் கசிந்து அடியில் தேங்கி நிற்கிறது. யாரோ விட்டுப்போன காலிப் பெயிண்ட் வாளி ஒன்று அதில் மிதந்து காற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேனோ, திருக்கழுக்குன்றம் வழியாக வரும் என் பஸ்ஸைத் தவறவிட்டேன். இப்போதெல்லாம் மேகம் கறுத்ததும் துணி எடுக்க மாடிக்குப் போனால் துணியை விட்டுவிட்டுக் கிழக்கையே பார்க்கிறேன்.

சொல்லாமல் இல்லை. போன வாரக் கூட்டத்தில் சொன்னேன். வாயைத் திறந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள், குரல் உள்ளே போய்விட்டது, நான் சொன்னது மேசைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. "மேல மண்ணு இருக்குல்ல, அதுவே புடிச்சுக்கும். நீங்க டேங்க் வாங்குங்கம்மா, வானிலை அறிக்கை வாசிக்காதீங்க" என்றார் சார். எல்லோரும் சிரித்ததும் நான் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவிடம் இறங்காதே என்று சொல்லிப் பார்க்கலாம், ஆனால் அவரை உனக்குத் தெரியாதா, "இன்னா ஜெசி, என்ன பயந்தாங்கொள்ளின்னு நெனச்சிகினியா" என்று முதல் ஆளாக இறங்குவார். ஆகவே தொட்டியையே நிறுத்த வேண்டும். செவ்வாய்க்கிழமை காலைக் கூட்டத்தில் சார் சொன்னபடி மாற்றி எழுதிய காகிதத்தை என் முன்னால் வைப்பார்கள். தளமும் கட்டும் இல்லாமல் புதைப்பதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லப் போகிறேன். வேலை போனாலும் போகலாம். அதைவிடக் குரல் வராமல் போய்விடுமோ என்றுதான் அதிகம் பயமாக இருக்கிறது.

ஞாபகம் இருக்கிறதா, நீ எட்டாவது படிக்கும்போது நான் தபால் வழியில் டிகிரிக்குப் படித்தேன். நம் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் அதற்கு முன் யாரும் பட்டம் வாங்கியதில்லை, எப்படிப் படிப்பது என்று கேட்க ஆள் இல்லை. நீ எதிரில் உட்கார்ந்து உன் வீட்டுப்பாடத்தை எழுதிக்கொண்டிருப்பாய், நான் சத்தமாக ஒப்பிப்பேன். ஒரு தடவைகூட நீ நிமிர்ந்து பார்த்ததில்லை, ஆனால் நான் எங்கேயாவது நின்றால் உன் பேனாவும் நின்றுவிடும். அந்த ஒரு துணையில்தான் பாஸ் செய்தேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், நீ தொடும் நோயாளிகள் எல்லோரும் எழுந்து நடக்கட்டும். அப்பாவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் விடாதே, படித்ததும் படத்தை அழித்துவிடு, ஜோயலும் என் போனைத்தான் நோண்டுகிறான்.

கேட்க மனம் வராமல் கடைசிவரை தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். செவ்வாய் காலை பத்தரைக்குக் கூட்டம். உனக்கு அது விடியற்காலை, அன்றைக்கு உனக்கு லீவு, தூங்க வேண்டிய நேரம். அப்படியிருந்தும் கேட்கிறேன். உள்ளே போகும்போது உன்னைக் கூப்பிட்டுவிட்டு, போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்வேன். நீ எடு, எதுவும் பேச வேண்டாம். நான் சொல்லி முடிக்கும்வரை வைத்துவிடாதேம்மா.

உன் அம்மா,
ஜெசிந்தா சின்னையன்