முழங்காலுக்குக் கீழே பதினாலரை அங்குலம்

ஜூன் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். நானும் சுகம், லாயமும் சுகம். நீ சுகமாக இருப்பாய் என்று தெரியும். குறை சொல்ல எதிரே ஓர் ஆள் இருக்கும்வரை உனக்கு எந்த நோயும் அண்டாது.

பழுப்புப் பெட்டை போட்ட குட்டிக்கு மூன்று மாதம் முடியப்போகிறது. நெட்டை என்று பெயர் வைத்திருக்கிறேன். சிரிக்காதே. நேற்று அப்பா செய்கிற மாதிரியே கயிறு பிடித்துப் பார்த்தேன். முன்னங்காலில் வயிற்றை ஒட்டி ஒரு மூட்டு இருக்கிறதல்லவா, அங்கே ஒரு முனையை வைத்து மறுமுனையைக் கீழே விட்டேன். பிறகு மூட்டில் பிடித்தது பிடித்தபடி இருக்க, கீழ்முனையை நேராக மேலே தூக்கினேன். அது எங்கே போய் நிற்கிறதோ அதுதான் வளர்ந்து முடித்தபின் குதிரையின் உயரம். ஐந்தடி இரண்டு அங்குலம் வருகிறது, அண்ணா. குதிரைப்படைக்கு ஐந்தடி ஓர் அங்குலம் போதும்.

படைக்குக் குதிரை எடுக்கிற அதிகாரியிடம் பேசிவிட்டேன். மூன்று வயது முடியட்டும், நானே வந்து அளக்கிறேன் என்றார். ஒன்றை எடுத்தால் வருடா வருடம் நம்மிடமே எடுப்பாராம். நமக்குள் பேசிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. இந்தக் குட்டி படைக்குப் போனால் லாயம் என்னுடையது, அதற்குப்பின் நீ வாய் திறக்கக் கூடாது. போகாவிட்டால் லாயத்தை மூடிவிட்டு உன் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட வேண்டும். இப்போதே சொல்கிறேன், அந்த அறைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தங்கை


ஜூன் 20

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பில் பாதி புரியவில்லை.

கயிற்றைத் தரை வரைக்கும் விட்டிருக்கிறாய். நான் அங்கே இல்லாமல் எப்படித் தெரியும் என்று கேட்பாய். உன்னைத் தெரியும், அது போதும். கயிறு குளம்புக்கு மேலே இருக்கிற கணுவோடு நிற்க வேண்டும். கணுவுக்கும் தரைக்கும் நடுவே நாலு அங்குலம். அந்த நாலு அங்குலத்தைத் தூக்கி நீ அதன் முதுகின்மேல் வைத்துவிட்டாய். அப்பா கயிறு பிடிக்கும்போது நீ பக்கத்தில் நின்றது உண்மைதான். கையைப் பார்க்காமல் குதிரையின் முகத்தைக் கொஞ்சிக்கொண்டு நின்றாய்.

கயிறெல்லாம் வேண்டாம். ஒரு டேப்பை எடு. முழங்காலின் நடுவிலிருந்து, குளம்புக்கு மேல் ரோமம் முடிகிற கோடு வரை அள. எத்தனை அங்குலமோ அதை நாலால் பெருக்கு. பெருக்கல் வராவிட்டால் லாடக்காரரைக் கூப்பிடு. அந்த எலும்பு பிறக்கும்போதே ஏறக்குறைய முழு நீளத்தில் வந்துவிடும். நீ என்ன ஊட்டினாலும், எந்தப் பெயர் வைத்தாலும் அதற்குமேல் நீளாது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பந்தயத் திடலில் என் கைக்கு வருடத்துக்கு நாற்பது குட்டிகள் வருகின்றன. ஒன்றிலாவது நான் தவறியிருக்கிறேனா, கேட்டுப் பார். ஒரே ஒரு பெட்டையும் ஒரே ஒரு குட்டியும் நிற்கிற கொட்டகைக்கு லாயம் என்று பெயர், அதற்கு வெளியே பலகை வேறு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அண்ணன்

பின்குறிப்பு: இருமல் நின்றதா?


ஜூலை 2

அன்புள்ள அண்ணனுக்கு,

அளந்தேன். பதினாலரை அங்குலம். பெருக்கலும் வருகிறது. நாலடி பத்தங்குலம். உனக்கு இப்போது எவ்வளவு இனிக்கும் என்று தெரியும், நன்றாக அனுபவி.

நான் நம்பவில்லை. உன் திடலில் இருப்பதெல்லாம் அவசரத்துக்குப் பிறந்த பந்தயச் சாதி. இரண்டு வயதில் முழு வளர்த்தி, மூன்று வயதில் ஓட்டம், ஐந்து வயதில் நொண்டி. நம் பழுப்பு அப்படி இல்லை. அது ஐந்து வயது வரை வளர்ந்தது. அதன் வயிற்றில் பிறந்தது ஆறு வயது வரைகூட வளரும். எலும்பைப் பார்த்தால் போதும், குதிரையைப் பார்க்க வேண்டாம் என்கிறாயே, இத்தனை வருடம் நீ பயிற்சி கொடுத்தது குதிரைக்கா, எலும்புக்கா?

இருமல் நின்றுவிட்டது.

தங்கை


அடுத்த ஆண்டு, அக்டோபர் 14

தங்கைக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். உன் கொட்டகையில் இரண்டு நாள் தங்கியதில் என் மேல்சட்டை இன்னும் நாறுகிறது. தூக்கம் மட்டும் நன்றாக வந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

உன் முகத்தைப் பார்த்து அங்கேயே சொல்ல மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தடியைத் தொடப்போகிறது என்று லாடக்காரர் முன்னால் குச்சியை வைத்துக் காட்டினாயே, குச்சியை எங்கே வைத்தாய்? பிட்டத்தில். குதிரைக்கு உயரம் என்பது பிடரி முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் பார்ப்பது. இந்த வயதில் எந்தக் குட்டிக்கும் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, முன்பக்கம் பள்ளத்தில் இறங்குகிற மாதிரிதான் இருக்கும். உலகத்திலேயே குதிரையின் பிட்டத்தைப் பார்த்துப் பெருமைப்படுகிற ஒரே பெண் என் தங்கை. அதுவும் குளம்பைச் சீவாமல், வைக்கோல்மேல் நிறுத்தி. வைக்கோலையும் படையில் சேர்க்கச் சொல்வாயோ? அந்த மனிதர் பாவம், மரியாதைக்காகத் தலையாட்டினார். நான் வாசல்வரை போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

குட்டி கெட்ட குட்டி இல்லை. நெஞ்சு அகலம், கால் நேர், பேச்சைக் கேட்கிறது. ஆனால் அது மட்டக்குதிரை. பூங்காவில் பிள்ளைகளைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடு. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனபின் கொடுப்பதைவிட இப்போது கொடுப்பது கௌரவம்.

மாடி அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. உனக்கு வெளிச்சம் இல்லாவிட்டால் முகம் தொங்கிப்போகுமே என்று கிழக்கே ஒரு ஜன்னல் போட்டேன். கொத்தனார் கோணலாக வைத்துவிட்டான். எந்த வேலைக்காரனுக்கும் மட்டம் பார்க்கத் தெரியவில்லை. இவ்வளவு பெரிய வீட்டில் நான் ஒருவன், சமையலுக்கு வருகிற அம்மாளும் என்னோடு பேசுவதில்லை. ஏன் என்று தெரியவில்லை.

அண்ணன்


நவம்பர் 1

அண்ணனுக்கு,

அந்த அம்மாள் ஏன் பேசுவதில்லை என்று உனக்குத் தெரியவில்லையா? நாற்பது குட்டிகளின் முழங்காலைத் தடவிப் பார்க்கிறவனுக்கு வீட்டில் இருக்கிற ஒரு மனுஷியின் முகம் தெரியவில்லை. நல்ல நிபுணன்.

பிட்டத்தில் அளந்தது தப்புதான். மேட்டில் அளந்தேன், நாலடி ஏழு. இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. நீ என்ன சொன்னாலும் நான் அந்த நாள் வரை காத்திருப்பேன். வருகிறதோ இல்லையோ, அதிகாரி வந்து என் வாசலில் குச்சியை வைத்து அளக்கட்டும். அதை என் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். அதுவரைக்கும் நெட்டையைப் பற்றி வெளியே யாரிடமும் பேசாதே. உன் திடலில் படைக்காரர்கள் வந்துபோவது எனக்குத் தெரியும். நீ ஒரு சொல் சொன்னால் போதும், அதற்குமேல் யாரும் குச்சியைத் தூக்க மாட்டார்கள். உன் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பை என்மேல் இறக்காதே, அண்ணா.

தங்கை


நான்காம் ஆண்டு, பிப்ரவரி 11

தங்கைக்கு,

குளிர் குறைந்துவிட்டது. நீ சாமான் கட்டத் தொடங்கலாம். பெரிய பீரோ மாடிப்படியில் ஏறாது, அதை அங்கேயே விட்டுவிடு. எப்படியும் பாதி கரையான்.

அந்த அதிகாரியைப் போன வாரம் திடலில் பார்த்தேன். தங்கமான மனிதர். உன் ஊர்ப் பாதையில் அவருடைய வண்டி படாத பாடு படும். வீணாக எதற்கு அலைய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். அது நாலடி பத்தைத் தாண்டாது என்றேன், கேட்டுக்கொண்டார். யாரிடமும் சொல்லாதே என்று நீ எழுதியது நினைவிருக்கிறது. ஆனால் யோசித்துப் பார். அவர் வந்து, குச்சியை வைத்து, உதட்டைப் பிதுக்கி, நீ தலைகுனிந்து நிற்க, லாடக்காரர் வேடிக்கை பார்க்க, அதெல்லாம் வேண்டுமா? அந்த அவமானம் உனக்கு நேராமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிற்பாடு நன்றி சொல்வாய்.

மார்ச் கடைசியில் வண்டி அனுப்புகிறேன். தேதி எழுது.

அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்ததும் அதிகாரியிடம் தொலைபேசியில் பேசினேன். சொன்ன நாளில் வாருங்கள், சும்மா அளந்துவிட்டாவது போங்கள் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சியது இல்லை, உனக்குத் தெரியும். அவர் கோபமாகப் பேசவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

“உங்க அண்ணனே சொல்லிட்டாரேம்மா. அவர் சொன்னதுக்கப்புறம் நான் வேற வந்து அளக்கணுமா என்ன?”

நேற்றோடு நெட்டைக்கு மூன்று வயது முடிந்தது. லாடக்காரரை வரச்சொல்லிக் குளம்பைச் சீவினோம். சிமெண்டுத் தரையில் நிறுத்தினோம். மேட்டில் குச்சியை வைத்து அவர் ஒரு தடவை பார்த்தார், நான் ஒரு தடவை பார்த்தேன். நாலடி பத்தங்குலம். நூல் பிசகவில்லை. நீ சொன்னது சரி.

இதை நான் எழுதாமல் இருந்திருக்கலாம், ஐந்தடி இரண்டு என்று பொய்கூட எழுதியிருக்கலாம். நீ வந்து பார்க்கப்போவதில்லை. ஆனால் நீ சொன்னது சரி என்பதை என் கையால் எழுதி உனக்கு அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. எழுதிவிட்டேன். போதுமா?

நீ எதில்தான் தவறினாய்? கால்நடை மருத்துவத்துக்கு நான் தேறமாட்டேன் என்றாய், தேறவில்லை. நான் கட்டிக்கொண்டவர் என்னோடு நிலைக்கமாட்டார் என்றாய், நிலைக்கவில்லை. எல்லாம் சரி. ஆனால் ஒன்றைத் தேர்வன்று காலையில் சொன்னாய். இன்னொன்றை நான் மாலையோடு உட்கார்ந்திருக்கும்போது காதருகே குனிந்து சொன்னாய். நான் தோற்கிறவரை ஒரு பொழுதாவது பொறுத்திருந்தால் உனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? தோற்கட்டும், அது என் பாடு. தோற்பதற்கு முன்னால் இருந்த அந்தக் கொஞ்ச நாள் என்னுடையது. ஒவ்வொரு தடவையும் அதைத்தான் பிடுங்கிக்கொண்டாய். இந்தக் குட்டி விஷயத்திலும் அதைத்தான் செய்தாய். வாசலில் ஒரு குச்சி, ஒரு மனிதர், ஒரு காலைப்பொழுது. அதைக்கூட நீ விட்டுவைக்கவில்லை.

உன்னைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருந்தது, அண்ணா. இத்தனை நாள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பயமும் இல்லை. என்ன மீதி என்று தேடிப் பார்க்கிறேன். ஒன்றும் பெரிதாக இல்லை. கேலிதான் வருகிறது. யானை படுத்தால் குதிரை மட்டம் என்பார்கள். நீ நின்றுகொண்டே அந்த மட்டத்துக்கு வந்துவிட்டாய்.

போன மாதம் ஓர் அம்மாள் வந்திருந்தார். தூரத்தில் சிறு பிள்ளைகளுக்குக் குதிரையேற்றப் பள்ளி நடத்துகிறவர். நெட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார். காதைப் பிடித்தார், வயிற்றின்கீழ் குனிந்து போனார், அது அசையவில்லை. படைக்கு வைத்திருக்கிறேன், இன்னும் வளரும் என்றேன். பதறிப்போய்விட்டார்.

“ஐயையோ, இதுக்கு மேல வளர்ந்தா எங்க பிள்ளைங்க எப்படி ஏறும்? இப்படியே இருக்கட்டும்னு வேண்டிக்கிறேன்.”

அவரிடம் அன்று முடியாது என்று அனுப்பிவிட்டேன். நேற்று அளந்து முடித்த கையோடு அவரிடம் தொலைபேசியில் பேசினேன். நெட்டையும் பழுப்பும் நானும் போகிறோம். அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை எனக்கு. தங்க இடம் லாயத்துக்குப் பின்னால், ஒரே அறை.

பேசிக்கொண்டபடி இந்த லாயத்தை மூடிவிட்டேன். சாவி லாடக்காரரிடம் இருக்கிறது, லாயத்தை உன்னுடையதாகவே வைத்துக்கொள். பேச்சில் பாதியைத்தான் காப்பாற்றுகிறேன். உன் வீட்டுக்கு மட்டும் வரமாட்டேன்.

இனி எழுதவும் மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. உன் கையெழுத்தை உறைமேல் பார்த்தாலே, பிரிப்பதற்கு முன்பே என் தப்பு என்னவென்று தேடத் தொடங்கிவிடுகிறேன். இந்த வயதில் எனக்கு அது வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


செப்டம்பர் 5

அன்புள்ள தங்கைக்கு,

இது மூன்றாவது கடிதம். முந்தின இரண்டும் கிடைத்திருக்கும். அந்தப் பள்ளிக்கார அம்மாள் தபாலைத் தின்றுவிடுகிற ஆள் இல்லை என்று நினைக்கிறேன், ஆனால் சொல்ல முடியாது. அவளுடைய விளம்பரத் தாளைப் பார்த்தேன். சேணத்தை ஒரு சாண் பின்னால் கட்டி நிறுத்திய குதிரையைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறாள். இப்படிப்பட்டவர்களிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறாய். நெட்டையின் முதுகு அகலம், அதற்குச் சாதாரணச் சேணம் உறுத்தும், புண்ணாகும். நீ பார்த்துச் செய்வாய். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லாயத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. வாடகைக்குக் கேட்டு வருகிறவர்கள் எல்லாம் ஆட்டுக்காரர்கள்.

வேறு ஒன்றும் விசேஷம் இல்லை. நேற்றுத் திடலுக்கு ஒரு புதுக் குட்டி வந்தது. சொந்தக்காரர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று குடும்பமே கூட வந்து நின்றது. இது எவ்வளவு வளரும், நீங்கள் சொன்னால் அப்படியே நடக்குமாமே என்று அந்த மனிதர் கேட்டார். குனிந்து முழங்காலிலிருந்து கீழே ஒருதரம் தடவிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளரட்டும், பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டேன். எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று திடல் முழுக்கப் பேச்சு. முட்டாள்கள்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

அண்ணன்