நான் தள்ளிவிட்ட பிரைட் டாட்

போன் கம்பெனி லைனில் ஸ்கிரீன் துடைக்கும் ஸ்பிரிட்டின் வாசனை கையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. இன்று கைகூடக் கழுவாமல் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, நீ போய் ஒரு வருடம் கழித்து.

சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ் ஏறியதுமே நீ போனில் வானத்துப் படங்களைத் திறந்துவிடுவாய். ஒரே இடத்தின் பழைய படம் ஒன்று, புதுப் படம் ஒன்று. புதிதாக முளைத்த வெளிச்சம் சூப்பர்நோவா என்கிற நட்சத்திர வெடிப்பா, வெறும் கறையா என்று நம்மைப் போன்றவர்கள் பார்த்து விஞ்ஞானிகளுக்குச் சொல்ல வேண்டும். ஷிப்ட் முழுக்க ஸ்கிரீனில் குறை தேடியது போதாதா என்று திட்டுவேன். "அங்க புள்ளி கண்டா ரிஜெக்ட்டுடி. இங்க கண்டா கொண்டாட்டம்!" என்பாய்.

அன்று ஒரு படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாய். "இன்னா பளிச்சுனு கீது பாரு!"

கும்மிருட்டில் ஒற்றைப் புள்ளி. சுற்றிலும் நட்சத்திரங்கள் கூடியிருக்கும் கேலக்ஸி எதுவும் தெரியவில்லை. நம் லைனில் அதற்கு ஒரே பெயர்தான்: பிரைட் டாட், அணையாமல் எரியும் பழுது. "ஊரே இல்லாத எடத்துல யாருடி வெடி வெடிப்பாங்க?" என்று போனைப் பிடுங்கி, 'இல்லை' என்பதை அழுத்திவிட்டேன்.

பென்னலூர் வந்தது. இறங்கும்போது, "ஊரு இல்லன்னு உனுக்கு எப்டி தெரியும்?" என்றாய். அந்த வாரமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

உன் கேள்வி அரித்துக்கொண்டே இருந்ததால் தேடிப் படித்தேன். அடிப்பாவி, ஊர் இருந்திருக்கலாம்! அளவுக்கு மீறிப் பிரகாசிக்கும் சூப்பர்நோவாக்களில் ஒரு வகை, பெரும்பாலும் சின்னஞ்சிறு மங்கலான கேலக்ஸிகளில்தான் வெடிக்கிறதாம். பல படங்களில் அந்தக் கேலக்ஸி கண்ணுக்கே தெரியாது. அங்கே இரும்பு போன்ற கனமான தனிமங்கள் குறைவு. அதனால் பெரிய நட்சத்திரங்கள் தங்களைக் காற்றாக ஊதித் தீர்த்துவிடாமல், வேகமாகச் சுழன்றபடியே சாகின்றனவோ என்னவோ. நடுவில் மிஞ்சும் குட்டிக் காந்த நட்சத்திரம் அந்த வெளிச்சத்துக்குத் தீனி போடுகிறது என்று ஒரு கட்சி. வேறு காரணம் சொல்ல இன்னொரு கட்சி. நீ இருந்தால் இரண்டு பேரோடும் சண்டைக்குப் போயிருப்பாய்.

அந்தப் படத்தை எவ்வளவோ தேடினேன், கிடைக்கவில்லை. மற்றவர்கள் அதைப் பார்த்து என்ன சொன்னார்களோ. உன் பெயரில் மட்டும் 'இல்லை' என்றே பதிந்திருக்கும். நீ சொல்லாத சொல் அது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது பஸ்ஸில் நான்தான் படம் பார்க்கிறேன். நேற்று பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "அங்க ஒன்னுமே இல்லியே" என்றாள்.

"இல்லன்னு சொல்லாத," என்றேன். "தெரியலன்னு சொல்லு."