பச்சைப் பென்சில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். எல்லோரும் தூங்கியபின் போர்வைக்குள் எழுதுகிறேன்.

குளிர்கால விடுமுறையில் சித்தி வீட்டில் ஒரே ஓட்டம். யார் எங்கே போகவேண்டும் என்று சித்தி ஆளுக்கொரு நிறத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். பென்சில் போதாமல் சித்தப்பாவுக்கும் எனக்கும் பச்சை. நேற்று நீச்சல் வகுப்பிலிருந்து சித்தி மகளைக் கூட்டிவருவது பச்சையில் இருந்தது; சித்தப்பா போவார் என்று இருந்துவிட்டேன். அவரும் போகவில்லை. ஒரு மணி நேரம் குளிரில் நின்றுவிட்டுத் தனியே நடந்து வந்தாள்.

சித்தியிடம் அவளே, “மிஸ்தான் லேட்டா விட்டாங்க” என்றாள். பிறகு என் காதில், “உன்னை ஊருக்கு அனுப்பிட்டா எனக்கு யாரு தலை பின்னுவா?”

அவளைக் கூட்டிவருவது யார் வேலையென்று இன்னும் தெரியவில்லை. கேட்டால் குட்டு வெளிப்படும். நாளையும் நீச்சல் பச்சையில்தான். யார் வேலையானாலும் நான் போய் நிற்பேன்.

எனக்கென்று ஒரு ஊதாப் பென்சில் அனுப்புங்கள், அம்மா. யாரோ விளக்கைப் போடுகிறார்கள்.

உங்கள் மகள்