நாலு வண்டி இடம்

டேப்பைப் பிரித்தால் இன்னும் தார்ப்பாய் நாற்றம்தான் வருகிறது. இரண்டு வருஷமாகிவிட்டது. சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்தேன், வெயிலில் போட்டுக் காயவைத்தேன், போகவில்லை. உங்களைப் போலவே பிடிவாதம். லோடின் மேல் கட்டுகிற தார்ப்பாயை அளக்க நீங்கள் வாங்கிய முப்பது மீட்டர் டேப்பு அது. இப்போது என் ஞாயிற்றுக்கிழமைகளில் உழைக்கிறது. இன்றும் அதைச் சங்ககிரிக்கு எடுத்துப்போய் வந்துதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். திட்டத்தான் எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர், நீங்கள் லாரி டிரைவர். கல்யாணமான நாளிலிருந்தே நமக்குள் அளவுச் சண்டைதான். சேலம் எவ்வளவு தூரம் என்றால் "முக்கா மணி நேரம்" என்பீர்கள். தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்கிறீர்களே என்று தலையில் அடித்துக்கொள்வேன். எங்கே வருகிறீர்கள் என்று போனில் கேட்டால், "வந்துட்டேன் அம்மிணி, இன்னும் ரெண்டு பீடி தூரந்தான்."

"பீடி தூரம்னு ஒரு அலகு எந்தப் புஸ்தகத்துலயும் இல்லீங்க."

"உன்ற புஸ்தகம் எழுதுனவன் லாரி ஓட்டியிருக்க மாட்டான்."

சிரித்தேன். அடுத்த நாள் ஒன்பதாம் வகுப்பில் அலகுகள் பாடம் நடத்தும்போது உங்கள் பீடியைச் சொல்லி வகுப்பையே சிரிக்கவைத்தேன். அளவு சிரிப்புக்குரிய சங்கதி என்று நினைத்திருந்த காலம் அது.

பீடி தூரம் போகட்டும், அதனால் யாருக்கும் கேடில்லை. அந்த இன்னொரு அளவு இருக்கிறதே, அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே நாலு லாரி நிற்கிற இடம் விடவேண்டும். சங்ககிரியில் எந்த டீக்கடையில் கேட்டாலும் டிரைவர்கள் இதைத்தான் சொல்வார்கள். நீங்கள் ஒருபடி மேலே போய், "நாலு வண்டி இடம் உட்டவன் நல்லபடியா ஊடு சேருவான்" என்று வேதம் மாதிரி ஓதுவீர்கள். நீங்கள் தொழில் பழகிய பழைய வண்டி நாற்பதிலேயே மூச்சு வாங்கும். அந்த வண்டிக்கு அந்த இடம் போதும், மிச்சமும் இருக்கும். ஒரு கீறல் இல்லாமல் இருபது வருஷம் ஓட்டினீர்கள்.

பிறகு நாலுவழிச் சாலை வந்தது. புது வண்டி வந்தது. எண்பதுக்கு மேல் போகாதபடி பூட்டுப்போட்ட வண்டி, நீங்களும் எண்பதைத் தாண்டாத மனுஷன்தான். வண்டி மாறியது, சாலை மாறியது, வேகம் இரண்டு மடங்கானது. அந்த நாலை மட்டும் மாற்றவில்லையே, ஏன்?

ஆத்தூர் தாண்டி, காலை ஒன்பது மணி, நல்ல வெளிச்சம். வளைவில் ஒரு டிரெய்லர் பழுதாகி நின்றிருக்கிறது. பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாக ஒரு வேப்பங்கொத்தைக்கூட ஒடித்துச் செருகாமல் அதை விட்டுப்போனவனை நான் இன்றைக்கும் சபிக்கிறேன். உங்களுக்கு முன்னால் போன லாரி அதில் போய் மோதி, இருந்த இடத்திலேயே நின்றது. அதன் பின்னால், ஜவ்வரிசி மூட்டை லோடோடு நீங்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் என்னென்னவோ பேசினார்கள். "கண்ணசந்திருப்பாப்ல" என்றார் உங்கள் பெரியப்பா மகன். "போன்ல பேசிட்டு ஓட்டியிருப்பாரோ என்னமோ" என்று இன்னொருவர் இழுத்தார். நல்ல மனசுக்காரர்கள் தலையெழுத்து என்றார்கள். எல்லாருக்கும் தலையை ஆட்டினேன்.

பதினாறாம் நாள் கழித்துக் காவல் நிலையத்துக்குப் போனேன். காவலர் ஒருவர் அறிக்கையை வாசித்துக்கொண்டே வந்தார். சாலையில் உங்கள் டயர் தேய்ந்த தடம் பதினெட்டு மீட்டர் என்றார்.

"இன்னொருக்கா சொல்லுங்க" என்றேன்.

"பதினெட்டு மீட்டருங்க. ஏனுங்கம்மா?"

அழுதுகொண்டிருந்தவளுக்குக் கண்ணீர் நின்றுவிட்டது. மணிக்கு எண்பது கிலோமீட்டர் என்றால் நொடிக்கு இருபத்திரண்டு மீட்டர். கண் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி. அந்த நொடியில் வண்டி இருபத்திரண்டு மீட்டர் சும்மா ஓடியிருக்கும். அதற்குப் பின் தடம் பதினெட்டு. கூட்டினால் நாற்பது. உங்கள் வண்டி பத்து மீட்டர். நாலு வண்டி இடம்.

நீங்கள் தூங்கவில்லை. போன் பேசவில்லை. கணக்குப் பிசகாமல் நாலு வண்டி இடம் விட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். நல்லபடியாக ஊடு சேர்ந்தீர்களா? எண்பதில் போகிற லோடு வண்டி நிற்க, அந்த இருபத்திரண்டையும் சேர்த்து, எண்பத்துநாலு மீட்டர் வேண்டுமே! வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடுகிற தூரம் நாலு மடங்காகும். இதை நான் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதி அழிக்கிறேன். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும், என் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

இனி சொல்லப்போவது உங்களைத் திட்டுவதற்காக அல்ல. விபத்துக்கு இரண்டு மாசம் முன்பு ஒரு சாயங்காலம். அரையாண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் பள்ளிபாளையத்தில் பேப்பர் லோடு இறக்கிவிட்டு வந்து, காப்பி டம்ளரோடு என் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தீர்கள். ஒரு பிள்ளை, மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டரை நொடிக்கு இருபது மீட்டர் என்று மாற்றி எழுதியிருந்தாள்.

"நெசமாவா அம்மிணி? நொடிக்கு இருவது மீட்டரா?"

"ஒம்பதாவது பாடமுங்க. இதுல என்ன சந்தேகம்?"

"அப்ப நொடிக்கு ரெண்டு லாரி நீளம் ஓடறனா நானு?"

"இத்தன வருஷம் ஓட்டி இப்பத்தான் தெரியுதாக்கும்."

நீங்கள் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கி எண்ணினீர்கள். "அப்ப, நாலு வண்டி இடம்ங்கறது..." என்று ஆரம்பித்தீர்கள்.

நான் தாளிலிருந்து பேனாவை எடுக்காமலே சொன்னேன்: "போயிக் குளிச்சிட்டு வாங்க, சோறு ஆறுது."

போனீர்கள். சொன்னால் கேட்கிற மனுஷன். அதற்குத்தான் உங்கள்மேல் இத்தனை கோபம். மற்றதற்கெல்லாம் பிடிவாதம் பிடித்தீர்களே, "இருடி, இதக் கொஞ்சம் சொல்லு" என்று அன்றைக்கு ஒரு அதட்டல் போட்டிருக்கக் கூடாதா? அந்தக் கணக்கில் இன்னும் ஒரே ஒரு படி இருந்தது. நாற்பது பேர் விடைத்தாளுக்கு மார்க் போட்டவள், வீட்டில் கேட்ட ஒரு கேள்விக்குப் பேனாவைக் கீழே வைக்கவில்லை. என்மேல் உள்ள கோபத்தை எழுத இந்தத் தாள் போதாது.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்ககிரி லாரி செட்டுக்குப் போகிறேன். டிரைவர்களை நிற்கவைத்து, உங்கள் டேப்பைத் தரையில் நீட்டி, சுண்ணாம்பால் கோடு போடுகிறேன். இருபத்திரண்டில் ஒரு கோடு. "ஐயோன்னு நெனைக்கறதுக்குள்ள போன தூரம் இது" என்பேன். நாற்பதில் ஒரு கோடு. பிறகு இரண்டு தரம் டேப்பை எடுத்து மாற்றிவைத்து எண்பத்துநாலுக்கு நடக்கிறேன்.

இன்று ஒருவர், உங்கள் வயசு இருக்கும், நாற்பது மீட்டர் கோட்டில் வந்து நின்றுகொண்டார். நான் இன்னும் போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்து விரலை மடக்கினார்.

"ஏனுங்க டீச்சர், அப்ப நாலு வண்டி இடம்ங்கறது..."

சுண்ணாம்பைக் கீழே வைத்தேன். "சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க" என்றேன். அங்கேயும் இங்கேயும் பார்த்தார். நான் நகரவில்லை. இரண்டு கோடுகளையும் கண்ணால் அளந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"பத்தாதுங்களே."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. உங்கள் வாயிலிருந்து வரவேண்டிய வார்த்தையை யாரோ ஒருவர் சொல்லிவிட்டு வண்டி ஏறிப்போனார். நான் டேப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கை முழுக்கத் தார்ப்பாய் நாற்றம்.

அன்றைக்குச் சோறு ஆறியிருந்தால்தான் என்ன?