பெண்கள் பகுதிக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கேட்டு மனு

அனுப்புநர்
பெ. கருப்பு,
கீழத் தெரு,
திருவாதவூர்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொன்மடை அறக்கட்டளை மருத்துவமனை மற்றும் செவிலியர் பயிற்சிப் பள்ளி,
மதுரை.

பொருள்: கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவும், செவிலியர் மாணவிகளுக்கு ஒரு கேள்வியைச் சொல்லித்தரவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எழுத்து கோணலாகவும் வரிகள் மேடும் பள்ளமுமாகவும் இருப்பதைப் பொறுத்தருள வேண்டும். முதியோர் வகுப்பில் இந்த வருடம்தான் எழுதக் கற்றேன். பிறரிடம் கொடுத்து எழுதாமல் நானே எழுதும் முதல் மனு இது. அதில் எனக்குப் பெரிய சந்தோஷம். எடுத்துக் காட்டுவதற்குத்தான் என் மனைவி தங்கப்பொண்ணு இல்லை.

1. கடந்த சித்திரையில் அவளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு தங்களிடம் சேர்த்தேன். உடம்பில் நீர் வற்றியதும், மூட்டுவலிக்குக் கடையில் வாங்கித் தின்ற மாத்திரையும் சேர்ந்து சிறுநீரகம் திடீரென்று செயலிழந்ததாக டாக்டர் சொன்னார். இசைவாணி என்ற செவிலியர் மாணவி எனக்கு விளங்கும்படி சொன்னது: “கம்மாயில தண்ணி இல்லாம மடையத் திறந்தா என்ன தாத்தா வரும்? கிட்னியும் அப்படித்தான். இப்பவே தண்ணி ஏத்திட்டா திரும்ப வேலை செய்யும்.”

2. அப்படியே ஆயிற்று. குளுக்கோஸ் ஏற்றியதில் சிறுநீர் பிரிந்தது. பிறகு ஊசியை எடுத்துவிட்டு, உப்புச்சர்க்கரைக் கரைசலும் தண்ணீரும் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். வயிற்றுப்போக்கு முழுவதும் நின்றிருக்கவில்லை.

3. பெண்கள் பகுதிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பார்வை நேரத்தில் நான் முதுகைக் காட்டி நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வேன். அப்போது எதிரே இருந்த பலகையை எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தேன். “நீ காவலுக்கு வந்தியா, போர்டு படிக்க வந்தியா?” என்று உள்ளேயிருந்து சிரித்தாள். பார்வை நேரம் தவிர ஆண்களுக்கு அனுமதி இல்லை என்று அந்தப் பலகையில் எழுதியிருந்தது.

4. நான் இல்லாத நேரத்தில் அவள் குடிக்கவில்லை. கேட்ட மாணவிகளிடம் “குடிச்சிட்டேன் தாயி” என்று சொல்லிவிட்டு, தண்ணீரைப் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்திருக்கிறாள். நடவுக்குப் போன காலம் முதல், மறைவு இல்லாத இடத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்தே பழகியவள். மறுபடி சிறுநீர் நின்றபோதுதான் என்னிடம் சொன்னாள்: “தாழ்ப்பா இல்லாத எடத்துக்கு எப்படிய்யா போறது? குடிச்சாத்தான போகணும்.” இரண்டாம் முறை நீர் ஏற்றியும் சிறுநீரகம் திரும்பவில்லை. டயாலிசிஸ் செய்தும் அவள் பிழைக்கவில்லை.

டாக்டர்கள் மீதும் மாணவிகள் மீதும் எனக்குக் குறை இல்லை. இசைவாணி அழுததை நான் பார்த்தேன். குடித்தீர்களா என்று எல்லாரும் கேட்டார்கள். போய்வர வசதி இருக்கிறதா என்று கேட்க அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆகவே ஐயா அவர்கள் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவும், சிறுநீரகப் பாடத்தோடு இந்தக் கேள்வியையும் சேர்க்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாழ்ப்பாளை நானே கொண்டுவந்து அடித்துவிடுவேன். ஆனால் பார்க்க ஆள் இல்லாத என்னை அந்தப் பலகை இனி உள்ளே விடாது.

போடவில்லை என்று தெரிந்தால் அடுத்த வாரமும் எழுதுவேன். அதற்குள் என் எழுத்து இன்னும் கொஞ்சம் நேராகியிருக்கும்.

இடம்: திருவாதவூர்
தேதி: 04.08.2025

இப்படிக்கு, என் கையாலேயே,
பெ. கருப்பு