மாலை வெயிலில் பார்த்த இமை

அன்பு மகள் இனியாவுக்கு, மேச்சேரியிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், என் மனசுதான் கொஞ்சம் நொந்து கிடக்கிறது. அந்தக் குளிர் தேசத்தில் நீ சுகமாயிருக்கக் காளியம்மன் துணையிருக்கட்டும்.

முதல் மழை விழுந்ததும் ஊர் ஆடுகளைக் கோவில் மைதானத்துக்கு ஓட்டிவந்து ஒன்றுவிடாமல் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து ஊற்றுவது நம் ஆடு வளர்ப்போர் சங்கத்தின் வழக்கம், உனக்குத் தெரியாததா. எல்லாவற்றுக்கும் ஊற்றினால் பூச்சிக்கு மருந்து பழகிப்போகும், கீழ் இமையை விலக்கிப் பார்த்து, பூச்சி ரத்தம் குடித்து உள்பக்கம் வெளுத்துப்போன ஆட்டுக்கு மட்டும் ஊற்றுங்கள் என்று நீயும் உன்னோடு படிக்கிறவர்களும் அங்கே ஆராய்ந்து எழுதியதைச் சங்கத் தலைவனாக நானே படித்துக்காட்டி இந்த வருஷம் சம்மதிக்க வைத்தேன். ஏழே ஆட்டை வைத்துப் பிழைக்கிற மாரியாயி மட்டும், உங்க புள்ள எழுதுன காயிதம் குட்டி போடுங்களா என்று கேட்டாள். நான் பொறுப்பு என்றேன். அன்றிலிருந்து கண்ணை மூடினாலும் இமைகள்தான். கனவில் ஆடுகள் வரிசையாக வந்து கண்ணைக் காட்டிவிட்டு மேகத்துக்குள் போகின்றன. தூக்கத்தில் உன் அம்மாவின் இமையையும் விலக்கிப் பார்த்தேனாம், இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

மாரியாயியின் ஆடுகளை ஒரு சாயங்காலம் பார்த்தேன். வெயில் இறங்கி, மண்ணும் ஆடும் என் கையும் எல்லாமே சிவந்து மிதக்கிற மாதிரி இருந்தது. அந்த அழகில் மயங்கி, எல்லா இமையும் சிவப்பு என்று மருந்து ஊற்றாமலே அனுப்பிவிட்டேன். நாலாம் நாள் ஒரு ஆடு தாடை வீங்கிச் செத்தது. பூச்சிதான் என்றார் கால்நடை டாக்டர். நல்ல பகல் வெளிச்சத்தில் பார்க்கவும் என்று நீ எழுதியிருந்ததை நான்தான் படிக்காமல் தாண்டியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது சாமி. நம் பட்டியிலிருந்து ஒரு சினையாட்டை அவளிடம் ஓட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில், பழையபடி எல்லாவற்றுக்கும் ஊற்றலாம் என்று ஒரே சத்தம். மற்ற நானூறு ஆடும் நன்றாயிருக்கிறதே என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. மாரியாயிதான் எழுந்தாள். காயிதத்துல தப்பில்லீங்க, பார்த்த நேரந்தான் தப்பு, நாளைக்குப் பத்து மணி வெயில்ல ஆட்டோட வாரேன், இமையை நானே பாக்கறேன், தலைவரு சும்மா பக்கத்துல நின்னாப் போதுமுங்க என்றாள். எல்லோரும் சிரித்துச் சரியென்றார்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீ நூறு வயசு நன்றாயிருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் ஆராய்ச்சியில் நானூறு பிழைத்ததை எழுதுகிற பக்கத்தில் செத்த அந்த ஒன்றையும் எழுது, உன் அப்பாதான் பார்த்தார் என்றும் மறைக்காமல் எழுது.

உன் அப்பா,
மாதேஷ்